கடந்த ஏழு நாட்களில்

குத்தாய்ஸி மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ரேடியேட்டர் சூடாவதற்குள்
நோயாளிகள் வீடு போய்ச் சேர்ந்துவிடும் நவம்பர்.

தோர்னிகே. வயது ஒன்பது. ஹீமோஃபீலியா, கடுமை.
வலது முட்டி இடதைவிட
இரண்டு சென்டிமீட்டர் பெரிது.
அதற்கு நாடா இருக்கிறது.
மிச்சத்தை அளந்து வரத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்:
இருபத்தேழு கேள்விகள்,
கேள்விக்கு ஐந்து கட்டங்கள்,
‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி
‘எப்போதும்’ வரை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் அம்மா காத்துனா,
மடியில் அதே இருபத்தேழு கேள்விகள்.
அவளுடையதில் ‘நீ’ இருக்குமிடமெல்லாம்
‘உங்கள் குழந்தை’.
ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

கடந்த ஏழு நாட்களில்
உன்னால் நன்றாக ஓட முடிந்ததா?

எப்போதும், என்று அழுத்திக் குறிக்கிறான்.
நான் முட்டியைப் பார்க்கிறேன்.
நான் பார்ப்பதை அவன் பார்க்கிறான்.

“சனிக்கிழமை மட்டும் பதினோரு தடவை ஓடினேன்.
ரக்பியில் கம்பத்துக்கு உதைக்கிறவருக்கு
பந்தை நிறுத்த ஒரு ரப்பர் கிண்ணம் வேண்டும்.
அதைக் கொண்டுபோகிறவன் நான்.
முப்பது பேரும் அப்படியே நிற்பார்கள்.
யாரும் என்மேல் மோத மாட்டார்கள்.
விதி அப்படி.”

விளக்காதே, திருத்தாதே, தலையாட்டாதே
என்கிறது என் பயிற்சிக் கையேடு.
தலையாட்டிவிட்டேன்.

தனியாக இருப்பதாக உணர்ந்தாயா?
“எப்போது விட்டார்கள்?” என்று சிரிக்கிறான்.
குளியலறைத் தாழ்ப்பாளை அம்மா
கோடையிலேயே கழற்றிவிட்டாளாம்.
உள்ளே போனதும் உரக்கப் பாட வேண்டுமாம்,
பாட்டு நின்றால் கதவு திறக்குமாம்.
“சோப்பு வாய்க்குள் போகிறது. அதை எதில் குறிப்பது?”

பதினான்காவது:
உன் பெற்றோர் உனக்குப் போதுமான நேரம் ஒதுக்கினார்களா?

பென்சில் நிற்கிறது.
இடமிருந்து வலமாகக் கட்டங்களை எண்ணுகிறான்,
திரும்ப எண்ணுகிறான்.
‘எப்போதும்’ தாண்டி, ஓரத்தில்,
தானே ஒரு கட்டம் வரைகிறான். ஆறாவது.
கோணல்.
இடம் போதாமல் அதன் ஒரு மூலை
தாளைவிட்டு மேஜைக்கு இறங்குகிறது.
அதற்குள் குறி போடுகிறான்.

ஐந்துதான், தோர்னிகே.
“தெரியும்,” என்கிறான்.
அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

காத்துனாவின் தாளில்
ஓட்டத்துக்கு: ஒருபோதும் இல்லை.
சனிக்கிழமை அவளும் மைதானத்தில்தான் இருந்தாள்,
கம்பிவேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
பதினான்குக்கு: அரிதாக.
நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்:
விடியற்காலை நாலிலிருந்து பேக்கரி,
அடுப்பின் முன்னால் நின்றாலும்
காது அவன் முட்டியில்தான் கிடக்கிறது,
ஆனால் அதை நேரம் என்று எப்படிச் சொல்வது?
பிறகு, குரலைத் தாழ்த்தி:
“அவன் எத்தனை போட்டான்?”

சொல்லக் கூடாது என்றேன்.
அவள் பாவாடையிலிருந்த மாவைத் தட்டினாள்.
மாவு எதுவும் இல்லை.

படிக்கட்டில் ஷூ நாடா கட்டக் குனிந்தாள்.
ஒரு காலைக் கொடுத்தான்.
மற்றதை அவனே கட்டியிருந்தான், மோசமாக.
அவள் கை அங்கேயும் போனது.
காலை இழுத்துக்கொண்டான்.

மாலையில் கணினியில் ஏற்றும்போது
ஆறு என்று அடித்தால் சிவக்கிறது.
ஒன்று முதல் ஐந்து வரை, இல்லையென்றால் ஒன்பது.
ஒன்பது என்றால் விடை இல்லை என்று பொருள்.
ஒன்பது அடித்தேன்.
திபிலிசியில் ஒருவர் அதைக்
காணாமல்போன விடைகளோடு சேர்ப்பார்,
தூங்கிவிட்ட பிள்ளைகளோடு,
பக்கத்தைப் புரட்ட மறந்தவர்களோடு.
குறிப்புப் பத்தியில் இருபது எழுத்துக்கு இடமிருந்தது.
‘கட்டம் போதவில்லை’ என்று எழுதினேன்.
நான் பெட்டியைச் சொன்னதாக நினைத்து
அச்சகத்துக்கு எழுதுவார்களோ என்னவோ.

அந்த மூலை மட்டும்
மேஜைமேல் இருந்தது,
இரண்டு சிறு பென்சில் கோடுகள் சேருமிடம்.
துப்புரவுக்காரர் ஈரத்துணியோடு வந்தார்.
என் பையைத் தூக்கி
அதன்மேல் வைத்தேன்.