வெட்டில்லாத நாள்

மழை விழுந்தால் பால்வெட்டு கிடையாது.
நனைந்த பட்டையில் கத்தி வைத்தால்
பால் சிரட்டைக்கு வராது, தடியெல்லாம் வழியும்.
கடையாலுமூட்டில் இந்த ஆனியில் மட்டும்
பதினாறு நாள் எனக்குக் கூலி இல்லை.
அந்தப் பதினாறு நாளில்
படித்தது இருபத்திரண்டு பாட்டு.

புத்தகம் குலசேகரத்து ஆக்கர் கடையில்
எடைக்குக் கிடைத்தது.
பீரோத் தட்டில் விரிக்கத் தாள் தேடிப் போயிருந்தேன்.
அட்டை இல்லை, முதல் பதினெட்டுப் பக்கம் இல்லை,
ஆகவே பெயரும் இல்லை. யாரையும் கேட்கவில்லை.
பாட்டு நாலு வரி; அதற்குக் கீழே
உறும்பு ஊர்வதுபோல் உரை இரண்டு பக்கம்.
இரண்டு மழைக்காலம் ஆகிறது.

சாயா குடிக்க வந்த கொழுந்தன் வில்பிரட் கேட்டான்:
"பரீட்சை எழுதப் போறியளா மைனி?"
இல்லை.
"பைபிளா?"
இல்லை.
"பின்ன இதில என்ன கிட்டும்?"
மழைச் சத்தத்தில் கேளாததுபோல்
ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பாத்திரத்தை நகர்த்தினேன்.

உண்மையைச் சொன்னால் பாதி நாள் எனக்கும் அதே கேள்விதான்.
ஓர் அரசனின் யானைக்கு
ஒன்பது பாட்டு நீளம் நகை பூட்டினான் அந்தப் புலவன்.
முகபடாம் முடிவதற்குள்
என் மழைநாள் இரண்டு முடிந்துவிட்டது.
திட்டினேன். வாய்விட்டுத்தான்.
அந்த யானைக்கே பொறுமை இருந்திருக்காது.
பழசெல்லாம் அமுதம் என்று மேடையில் பேசுகிறவர்கள்
இந்த ஒன்பது பாட்டைத் தாண்டியிருக்கமாட்டார்கள்
என்று நினைத்தபோது கொஞ்சம் ஆறுதல்.

வெட்டுப் படித்தபோதும் இப்படித்தான்.
ஆழம் போனால் மரத்துக்குக் காயம், பட்டையில் முண்டு விழும்.
மேலோடு போனால் பால் இல்லை.
நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது,
கண்ணுக்கு அகப்படாது, மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.
அது தெரிய எனக்கு ஒரு வருஷமும்
நாற்பது மரத்தின் வடுவும் ஆயிற்று.
நாற்பதும் தாங்கின.
பாட்டு மட்டும் என் கத்தி பட்டால் செத்தா போகும்?

நூற்று முப்பத்தோராம் பாட்டு.
ஒருத்தி காட்டுவழியில் தனியாக நிற்கிறாள்.
அவள் நிற்பதன்மேல் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு உரைகாரர்,
யானையின் நெற்றிப்பட்டத்துக்கு ஏழு பெயர் சொன்னவர்,
ஒரே வரி எழுதியிருக்கிறார்:
இவ்விடத்துப் பொருள் எமக்கு விளங்கவில்லை.

விளக்கைக் கிட்ட இழுத்தேன்.
எத்தனை நூறு வருஷத்துக்கு முன்னாலோ
கரண்டு போன என் வீட்டைப்போல இருட்டிய ஒரு ராத்திரியில்
அந்த மனுஷனும் இதே சொல்லுக்கு முன்னால் இருந்து
கையை விரித்திருக்கிறார்.
எதையாவது எழுதித் தாண்டிப் போயிருக்கலாம்.
போகவில்லை.

மழை விட்டது. மூன்று நாள்
அந்தச் சொல் என்னோடு மரம் மரமாக வந்தது.
விடியுமுன் மூன்றரை, நெற்றியில் லைட்,
முந்நூற்றுப் பன்னிரண்டு மரம்.
வெட்டின சாலில் ஓடிவரும் முதல் துளி
தகரமூக்கின் நுனியில் உடனே விழாது.
ஒரு நொடி நிற்கும்,
விழவா வேண்டாமா என்று கனக்கும்.
கத்தியை எடுக்காமல் நானும் நின்றேன்.
அவளும் அப்படித்தானே நின்றாள்.

வீட்டுக்கு வந்து, ஒட்டுப்பால் உரியாத விரலால்
உரைகாரரின் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதினேன்:
விழுவதற்கு முந்தின நிற்பு.
சரியா, தெரியாது.
படித்தவர்கள் பார்த்தால் சிரிக்கலாம்.
ஆனால் அவர் விட்டுப்போன இடம் வெறுமையாக இருந்தது,
என்னிடம் ஒரு வரி இருந்தது.

வில்பிரட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
படி என்று யாரிடமும் சொல்லமாட்டேன்,
யானையை நினைத்தால் எனக்கே பயம்.
இன்னும் இருநூறு பாட்டு பாக்கி.

பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்து வருகிறது.
ஷீட் அடிக்கும் கொட்டகையில்
நாளை வெட்டில்லை என்று பேசிக்கொள்கிறார்கள்.
கூலி போயிற்றே என்றுதான்
எனக்கும் தோன்றியது,
முதலில்.