இரண்டாவது சீட்டு

புரூக்ஸ் நகரில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கு மேலே
எங்கள் அறை.
கீழே உலர்த்திகள் சுழலும்போது தரை இளஞ்சூடாகும்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஜெபிப்போம்.
பதினெட்டுப் பேர். போன மாதம் வரை பத்தொன்பது.

அமிர்தநாதர் போய்விட்டார்,
காணிக்கைப் பெட்டியில் இருந்த ஆயிரத்து நூற்று நாற்பது டாலரும்
கணக்குக் கொப்பியும் அவரோடு.
எட்மண்டனில் கண்டதாக ஒருவர் சொன்னார்,
கல்கரியில் என்று இன்னொருவர்.
பொலிசுக்குச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.
மனைவியின் மருந்துச் செலவுக்காக இருக்கும்
என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்,
அவருக்கு மனைவி இல்லை என்று தெரிந்தும்.

அவருடைய கதிரையை மடித்துச் சுவரில் சாய்த்தோம்.
ஜெபத்தின் நடுவில் அது வழுக்கி விழுந்தது.
எழுந்து நிமிர்த்தினோம். மறுபடி விழுந்தது.

“ஆதியிலும் இதுதானே நடந்தது” என்றார் குரூஸ் அண்ணர்.
“பணப்பை வைத்திருந்தவன் போனான்.
மிச்சப் பேர் மேல்வீட்டில் கூடிச் சீட்டுப் போட்டார்கள்.
நாங்களும் போடுவோம்.”

இரண்டு பெயர்கள்.
செபமாலை, மாட்டுத் தொடை அறுக்கும் வரிசையில்
எனக்கு மூன்றாவது ஆள்.
மற்றது நான்.
குலுக்கிப் போடப் பாத்திரம் இல்லை,
என் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.
ஜெசிந்தா, ஏழு வயது, முன்பல் விழுந்தவள்,
கண்ணை இறுக மூடிக் கையை விட்டாள்.

செபமாலை.

எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நானும் சொன்னேன், அரை நொடி பிந்தி.

அன்றிரவு வேலையில்
கொக்கியில் தொங்கி வந்த உடல்களுக்கு நடுவே
அந்த மற்றவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
அந்த அறையிலும் இரண்டு பேரைத்தானே நிறுத்தினார்கள்.
விழாதவனுக்கு மூன்று பெயர்கள்:
வீட்டில் இட்டது, தகப்பன் வழி வந்தது, ரோமரின் வாயில் புழங்கியது.
மூன்றும் சேர்ந்தும் ஒரு சீட்டை இழுத்துத் தரவில்லை.

அவன் நேரே வீட்டுக்குப் போனானா?
படியிறங்கும்போது யாராவது தோளைத் தொட்டார்களா?
“கர்த்தருடைய சித்தம்” என்று சொல்லியிருப்பார்கள்.
அதைவிடத் தோளைத் தொட்டிருக்கலாம்.
சில நாளில் காற்று இரைந்து வந்ததே,
நெருப்பு ஆளாளுக்குப் பிரிந்து அமர்ந்ததே,
அவனை மட்டும் தாண்டியா போயிருக்கும்?
அவன் பெயர் பிறகு எங்கும் வரவில்லை.
ஆனால் தேர்வானவன் பெயரும்தான் வரவில்லை.
அதுதான் என்னை என்னவோ செய்தது.
பெரிய கதை இருவரையும் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டது.
யாரோ விளக்குக்கு எண்ணெய் விட்டிருப்பார்கள்,
யாரோ அப்பம் பிட்ட பாயை உதறியிருப்பார்கள்.

இடைவேளையில் இதைச் செபமாலையிடம் சொன்னேன்.
கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டான்.
“எனக்குக் கணக்கே வராது அண்ணை” என்றான் கடைசியில்.
“பள்ளிக்கூடத்திலும் வராது.”

சனிக்கிழமை முழங்கால் அளவு பனி.
யாரும் சொல்லவில்லை. நேரத்தோடு போய்
வெளிப்படிகளில் பனி தள்ளினேன்.
பதினேழு படிகள்.
உப்புத் தூவினேன். மைனஸ் முப்பதில்
உப்புக்கும் சாரம் போய்விடும்,
மணலும் கலந்தேன்.

கையுறையின் பெருவிரலுக்குள் ஏதோ உறுத்தியது.
நாலாய் மடித்த தாள்.
பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பவும் அங்கேயே
தள்ளிவிட்டுச் சவலை எடுத்தேன்.

மேலே கதிரை விழுந்த சத்தம்.
எனக்கு முன்பே வந்துவிட்டான் போல.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு அதை நிமிர்த்தி, சுவரில் சாய்க்காமல்,
விரித்து வைக்கும் சத்தம்.