கேட்டு அடச்ச நேரம்

எனக்குப் பாட வராது. வேன் ஓட்ட வரும்.
பாளையங்கோட்டையில ஏத்தின ஆறு தொண்டையையும்
ஏழு மணிக்குள்ள வடக்கன்குளத்துல இறக்கணும்.
அவ்வளவுதான் எனக்கும் சங்கீதத்துக்கும் பேச்சு.

பணகுடிப் பக்கம் ரயில்வே கேட்டு அடச்சிருந்தான்.
மலையடியில காத்தாடியெல்லாம்
கையை வீசி வீசி யாரையோ கூப்பிட்டுக்கிட்டு நின்னுது.

முதல்ல ஆரம்பிச்சது ராஜகனி அக்கா, சர்ச் கொயர்.
உதட்டைத் தளர விட்டு, காத்தை விட்டு,
பர்ர்ர்ர்ர்னு
மேல ஏறி, கீழ இறங்கி.
மூக்குல தண்ணி போன எருமை இப்படித்தான் செய்யும்.
நான் சொல்லல.
சொன்னா பேட்டா வராது.

ஆவுடைநாயகம் கண்ணை மூடிட்டாரு.
கெணத்துல விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசால துழாவுத மாதிரி
கீழ, இன்னும் கீழ, ஒரே ஒரு 'ஆ'.
"ஓய், இஞ்சினை அணைச்சிராதீரும்,
ஒன்றரைக் கட்டைக்குக் கிட்டத்துல நிக்கி."
டீசல் யாரு வீட்டுது?
ஆனாலும் ஒரு நூல் மிதிச்சேன்.
"ஆங், அதான்!"
பொறவு காலை எடுக்கவே விடல.
கெண்டைச்சதை மரத்துப்போச்சு.

வில்லுப்பாட்டுப் பூமாரிக்கு 'ஆமா' ஒண்ணு போதும்.
சந்தேகத்துக்கு ஒரு ஆமா, சாவு வீட்டுக்கு ஒரு ஆமா,
கடன்காரன் வாசல்ல நின்னா
கதவுக்குப் பின்னாலருந்து ஒரு ஆமா.
பதினோராவதுக்கு, முன்னால நின்ன பைக்காரன்
திரும்பிப் பார்த்து "என்னா?"ன்னான்.

ரூபன் ராப் பாடுத பையன். பென்சிலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு
"களக்காட்டு வாழைத்தாரு வழுக்கி விழுந்த வழியில
கிழிஞ்ச வலைக்குள்ள ஏழு விலாங்கு"ன்னான்.
மூணாவது தடவை விலாங்கு வாழையாச்சு.
நாலாவது தடவை
பென்சில் என் பிரேக்குக்கு அடியில வந்து விழுந்துது.

கவ்வாலி மைதீன் பிச்சை சத்தமே போடல.
ஒரே மூச்சுல காத்தாடியை எண்ணினாரு.
முப்பத்தெட்டு.
"போன மாசம் நாப்பத்திரெண்டு" — ஜன்னலைப் பார்த்துச் சொன்னாரு,
கையில இருந்த பீடிக்கட்டை எனக்குத் தந்துட்டாரு.

செலின் சினிமாப் பாட்டு.
தண்ணி பாட்டில்ல ஸ்ட்ராவை விட்டு
சோறு கொதிக்கத மாதிரி குபுகுபுன்னு ஊதி முடிச்சிட்டு
ஊஊஊன்னு எடுத்தா பாருங்க ஒரு சைரன்,
அடியிலருந்து உச்சிக்கு, உச்சியிலருந்து அடிக்கு.
பின்னால நின்ன லாரி பதறி ஓரம் ஒதுங்குச்சு.
லாரியைப் பார்த்து காரு, காரைப் பார்த்து ஆட்டோ.
கேட்கீப்பர் வெளிய ஓடியாந்து கையை விரிச்சான்:
"ரயில் வள்ளியூரைத் தாண்டிட்டுய்யா, நான் என்ன செய்ய?
உள்ள யாருக்கு, சீரியஸா?"
எல்லாரும் பூமாரியைப் பார்த்தாவ.
பூமாரி ரொம்பச் சின்னதா
"ஆமா"ன்னா.
அது பன்னிரண்டாவது. மன்னிப்புக்கு உள்ளது போல.

ரயில் வந்துது.
ஹார்னுக்கு மூணு சுரம் மேல ராஜகனி அக்கா தொத்திக்கிட்டாவ.
மத்தவங்க கிடைச்ச இடத்துல.
நம்மளைத் தாண்டுதப்போ அந்தச் சத்தம் வழுக்கி இறங்குமே,
ஆறு பேரும் கூடவே வழுக்கி
சிரிப்புல போய் விழுந்தாவ.

கேட்டைத் தூக்கியாச்சு. பின்னால ஒரே கத்தல்.
"எடுக்கட்டா?"ன்னு கேட்டேன்.
முக்கால் மணி நேரம் பேசாத தொண்டை,
'எடு' ஒரு ஊர்லயும் 'க்கட்டா' இன்னொரு ஊர்லயும் போய் நின்னுது.

ஆவுடைநாயகம் தண்ணி பாட்டிலை நீட்டினாரு.
"முதல்ல வாயை மூடிட்டு ம்ம்னு சொல்லும். அவசரப்படாதீரும்."

ம்ம்ம்னேன்.
இஞ்சினும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்துது.
ஃபர்ஸ்ட் கியரைப் போட்டேன்.