மூளை பள்ளிக்கூடம் போகிறது

பஸ் குலுங்கிய நாற்பது நிமிடமும்
ஜாம் பாட்டில் என் மடியில்.
நாரின் மலைப் பள்ளியில் ஃபார்மலின் வாங்கக் காசில்லை.
ஆடு அறுத்த வீட்டுப் பிள்ளை கொண்டுவர வேண்டும்;
இந்த வாரம் நான்.

நேற்று விருந்தில்
தலை வைத்த தட்டு பெரியவர் துர்சுன்பாய் முன் போனது.
திருப்பிப் பார்த்து, "காலியாக இருக்கிறதே?" என்றார்.
அப்பா சிரிக்காமல் சொன்னார்:
"மூளை பள்ளிக்கூடம் போகிறது."

குல்பாரா டீச்சர் சவர பிளேடை நீட்டினார்.
வெண்ணெயைவிடக் கொஞ்சம் இறுகல்.
பிளந்ததும், சிறுமூளைக்குள்
வெள்ளையாக ஒரு மரம், கிளை கிளையாய்.
"எழுது. உடலின் சமநிலை."

எழுதினேன்.
போன ஜனவரி, பனி கண்ணை மறைத்தபோது
மந்தையில் இது ஒன்றுதான்
சரிவில் கால் பிசகாமல் இறங்கியது.
அதன் கொழுத்த வாலை மட்டும் பார்த்துக்கொண்டே
வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தச் சரிவு எந்த மடிப்பில்?
இன்னும் மெல்லியதாக நறுக்கினேன்.
இன்னும்.

"போதும், அதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்றான் மேதேர்,
மூக்கைப் பொத்திய கையை எடுக்காமல்.

மணி அடித்தது.
குழாயடியில் பாட்டிலை மூன்று முறை கழுவினேன்.
அம்மாவுக்குத் திரும்ப வேண்டும்.
மூடியில் வாடை போகவில்லை.