மினுக்கைக் கழற்றுதல்

பகலில் என் வேலை மினுக்குவது.
பர்கூர் சாலை கிரானைட் பட்டறையில்
அறுபதாம் நம்பரில் தொடங்கி மூவாயிரம் வரை
தேய்கல் மாற்றி மாற்றி ஓட்டி
கருங்கல்லுக்குள் டியூப்லைட்டை இறக்கிவிடுவோம்.
மேஸ்திரி திம்மராயன் குனிந்து
தன் பல்லிடுக்கை அதில் பார்ப்பார்.
பல் தெரிந்தால் லாரியில் ஏற்றலாம்.

ராத்திரி வேலை வேறு.

பெங்களூரில் யாரோ வேண்டாமென்று விற்ற
எலெக்ட்ரிக் கிதார். நாலாயிரத்து இருநூறு.
ஸ்பீக்கர் பெட்டி தனி விலை, அதனால் இல்லை.
கிருஷ்ணகிரி வரை நின்றபடி கொண்டுவந்தேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
கழுத்து மண்வெட்டிக் காம்பு மாதிரி.
போன தையில் ஸ்லாப் சரிந்து நசுங்கிய
என் இடது சுண்டுவிரல் முக்கால்தான் மடங்கும்.
அது தடித்த கம்பிக்குப் போய்ச் சேர்வதற்குள்
பாட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும்.

விரலைத் தேய்க்க முடியாது.

நாலு திருகு. கழன்று வந்தது.
உடம்பில்லாத கழுத்தை மடியில் கிடத்த
முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
மாம்பழக்கூழ் கம்பெனி அட்டைப்பெட்டியில்
வனமாலா ஒரு பிறை வெட்டிக் கொடுத்தாள்,
பிளவுஸ் கைக்கு அளவு வெட்டுவதுபோல.
அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே
வெளிச்சம் தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

ஹேக்ஸா பிளேடின் முதுகால் வழித்தேன்.
பழைய வார்னிஷ் வெங்காயத் தோலாகப் பறந்து
ஒன்று ரசத்தில் விழுந்தது.
அதற்கொரு சண்டை.
அடியில் மரம், உரித்த பனங்கிழங்கின் வெளுப்பு.

கல்லைத் தேய்த்த கைக்கு மரம் புதிது.
எந்தப் பக்கம் இழுத்தாலும் கல் கேட்கும்.
மரத்துக்கு நரம்பு உண்டு, குறுக்கே போனால்
கீறலைக் காட்டிக் கொடுத்துவிடும்.
ஈரத் துணியால் துடைத்தால்
அதற்கு மயிர்க்கூச்செறிகிறது!
காய்ந்ததும் தேய்த்தேன். மறுபடி ஈரம். மறுபடி.
நாலாம் தடவை சிலிர்க்கவில்லை.
பழகிவிட்டதோ, சலித்துவிட்டதோ.

நடுவே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது.
எவ்வளவு ஆழத்தில் என்று விற்றவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மூன்றாம் ராத்திரி, அரம் ஓடிய வேகத்தில்
மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் ஓசை மாறியது.
பட்டறைக் காதுக்குத் தெரியும் அது:
உள்ளே விரிசலோடிய ஸ்லாப்பைத் தட்டினால்
வருகிற பொத்தல் சத்தம்.
அரத்தைக் கீழே வைத்தேன்.
அந்த நேரம் பார்த்து கரண்டும் போனது.
இருட்டில் தடவினால், ஓர் அரிசி
படுத்துக்கொள்கிற அளவுக்குப் பள்ளம்.
அவளும் தடவினாள். விரலில் இன்னும் மாம்பழ வாசனை.
"உடைஞ்சிருமா?"
"தெரியல."
"அப்ப விடு. தொடாத."

ரவுண்டானா பெயின்ட் கடை அஸ்கர் பாய்
விலை கூடின வார்னிஷை எடுத்து நீட்டினார்:
"கண்ணாடி மாதிரி வரும் தம்பி."
வேண்டாம் பாய். வேர்த்த கை கண்ணாடியில் ஒட்டும்.
நான் நாளெல்லாம் கண்ணாடிதான் செய்கிறேன்.
ஆளிவிதை எண்ணெய் கால் லிட்டர் போதும்.

பூசி, துடைத்து, பனியன் துணியை
மாடிச் சுவரில் விரித்துப் போட்டேன்.
சுருட்டி எறிந்தால் தானே பற்றிக்கொள்ளும் என்று
டப்பாவில் பொடி எழுத்தில் இருந்தது.
கழுத்தைக் கொடியில் தொங்கவிட்டேன்,
என் நீலச் சட்டைக்கும் அவள் ஏப்ரனுக்கும் நடுவே.
காற்று அதை ஒருமுறை கோட்டை மலைப் பக்கம்
ஒருமுறை பழையபேட்டைப் பக்கம் திருப்பியது.
வாடகை கேட்க வந்த கெம்பம்மா
அண்ணாந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.
"என்னப்பா அது, கருவாடா?"
"இல்லக்கா. கழுத்து."
"யாரோடது?"

இன்னும் ரெண்டு பூச்சு பாக்கி.
கம்பி வாங்கவில்லை, சம்பளம் பத்தாம் தேதி.
அந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில்
எண்ணெய் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது.