ஏழாவது கேள்வி

பீன்யா இரண்டாம் கட்டம், எங்கள் தையல் ஆலை.
மனநிறைவுப் படிவம் என்று ஒன்று வந்தது.
ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து மஞ்சள் முகங்கள்,
அழுமூஞ்சி தொடங்கிப் பல் தெரியச் சிரிப்பது வரை.
ஒன்றில் குறி போட வேண்டும்.
போடும்போது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நான்காம் லைனில் நாற்பத்திரண்டு பேர்.
பேனா கிடைக்காதவர்கள்
துணிக்குக் குறியிடும் சாக்கட்டியால் போட்டார்கள்.
நாற்பத்திரண்டு பேரும்
எல்லாக் கேள்விக்கும் சிரித்திருந்தார்கள்.

தலைமை அலுவலகம் கேக் அனுப்பியது.
மேலே கிரீமில் என் பெயர்: எலவலகி.
இளவழகியைச் சம்பளத் தாளிலும்
அப்படித்தான் எழுதுகிறார்கள், பழகிவிட்டது.

காலர் தைக்கும் குந்தலா மட்டும்
வேண்டாமென்று தலையாட்டினாள்.
களஹண்டியிலிருந்து வந்து எட்டு மாதம்.
சர்க்கரையா என்றேன், விரதமா என்றேன்.
ஹொன்னம்மாதான் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்:
"இனிப்புத் தின்னா தாகம் எடுக்கும் மேடம்."
எடுத்தால்?
அவள் சுவரைப் பார்த்தாள்.

சுவரில் ஆணி.
ஆணியில் இரண்டு மரவில்லைகள்,
கழிப்பறைக்குப் போகிறவர் எடுத்துக்கொண்டு போக.
நாற்பத்திரண்டு பேருக்கு இரண்டு.
ஆணி அடித்தது நான்தான்,
போன வருஷம், ஸ்டூல் போட்டு ஏறி.

இரவு மெட்ரோவில் ஏழாவது கேள்வி கூடவே வந்தது.
கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
மேலாளர் உங்களைக் கேட்கிறாரா?
கேட்கிறேனே,
மணிக்கொரு தரம் கேட்கிறேனே,
எத்தனை பீஸ், எத்தனை பீஸ் என்று.
வாயால் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும்
நம்மிடம் ஒரே சொல்தான்.
பாதிச் சொல்லை வைத்துப்
பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் ஆணியைப் பிடுங்கினேன்.
சுவர்ப்பூச்சும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது.

அன்று பத்தொன்பது காலர் குறைவு.
அடுத்த நாள் பதினொன்று.
மூன்றாவது வாரமும் ஆறு குறைவுதான்.
புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருநாள் வந்து
எண்ணையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை.
பேசினால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன்.
அவ்வளவு நல்ல பதில் இல்லை.

அடுத்த படிவம் வந்த அன்று
டீ குடிக்க வெளியே போய்விட்டேன்.
திரும்பி வந்து எண்ணினால்
பதினாறு அழுமூஞ்சிகள்,
ஃபேனுக்கு, பஸ்ஸுக்கு, சனிக்கிழமை ஓவர்டைமுக்கு.
ஏழாவதில் ஒரு தாளில் மட்டும் நீலச் சாக்கட்டி.
நீலம் காலருக்கு.
சிரிக்கவும் செய்யாத, அழவும் செய்யாத
நடு முகத்தின் மேல்,
அழுத்தி.

கேக் வரவில்லை.
விளக்கம் கேட்டு மெயில் வந்தது.
எழுத உட்காரும்போது மணி பதினொன்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
குந்தலாவின் காலடியில் தண்ணீர் பாட்டில்,
பாதி காலி.