இணைப்பு ஏழு

முதல் தரப்பு டெல்லி.
இரண்டாம் தரப்பு கிருஷ்ணகிரி நகராட்சி.
அப்படித்தான் டைப் செய்யச் சொன்னார்கள்.
அறுபத்து நான்கு பக்கம்.
தினக்கூலிக் கணினிக்காரிக்குத்
தரப்பு எதுவும் கிடையாது.

மாம்பழ சீசன்.
கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
வாசலைத் தாண்டும்போதெல்லாம்
மேசை லேசாக ஆடும், கர்சர் ஆடாது.
‘குடிநீர் விநியோகம்: தற்போதைய நிலை’ என்ற கட்டத்தில்
அது கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வால்வு திறக்கும் திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
“எட்டு நாளைக்கு ஒருக்கா.
மோட்டார் கெட்டா பத்து.
மேட்டுத் தெருவுக்கு மட்டும் நாலு சுத்து
கூடத் திருப்புவேன், அதை எழுதிடாத.”
எட்டு என்று அடித்தேன்.

ஆணையர் பார்த்தார்.
எட்டு என்றால் மானம் போகும், நாலு போடு.
பொறியாளர் குப்புராஜ் பார்த்தார்.
பன்னிரண்டு போடும்மா,
இப்போ மோசமா இருந்தாத்தானே
பின்னாடி முன்னேற்றம் காட்ட முடியும்,
காட்டினாத்தானே அடுத்த தவணை வரும்.
மதியச் சாப்பாடு வரை
ஊரின் தாகம்
நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
கடைசியில் ஆறு என்று முடிவானது.
எங்கள் எந்தக் குழாயிலும் ஓடாத ஆறு.

பிறகு இணைப்புகள்.
குப்பை வண்டி, தெருவிளக்கு, வரிவசூல்.
ஏழாவது, தெருக்களின் பட்டியல்.
மூன்று பக்கமும் இரண்டு முறை தேடினேன்,
கல்லுக்குட்டைச் சந்து இல்லை.
என் சந்து.
சையத் பாஷா மலையில் மழை அடித்தால்
சேறு முதலில் விசாரிக்க வரும் சந்து.
இருபத்து மூன்று வீடு.
நாலு குடம் கட்டிய மொபெட்டைப் பர்வீன்
ஓட்ட முடியாமல்
தள்ளிக்கொண்டே ஏறும் சந்து.

மணி ஆறேகால். அறையில் யாருமில்லை.
வரிசை எண் எண்பத்தெட்டுக்குக் கீழே
ஒரு வரி சேர்த்தேன்.
அடுத்த தெருக்கள் எல்லாம்
ஒவ்வொரு படி இறங்கி
எங்களுக்கு இடம் விட்டன.
பஸ்ஸில்கூட யாரும்
அப்படி நகர்ந்து உட்கார்ந்ததில்லை.

கையெழுத்து நாளில் பூங்கொத்து, முந்திரி பக்கோடா.
பக்கத்துக்குப் பக்கம் இரண்டு சுருக்கொப்பம்.
ஐம்பத்தெட்டாம் பக்கத்தில்
டெல்லி அதிகாரியின் பச்சை மை
சந்தின் வாலை லேசாகத் தொட்டது.
ராத்திரி பர்வீனிடம் சொன்னேன்,
நாம டெல்லி வரைக்கும் போயிட்டோம்.
அவள் ஸ்டாண்டைப் போட்டு நிமிர்ந்தாள்.
“தண்ணி எப்ப வரும், அதைச் சொல்லு.”

ஏழு மாதம்.
பள்ளம் தோண்டும் எந்திரம்
பக்கத்துத் தெரு வரை வந்து திரும்பிப் போனது.
பர்வீன் மனு எழுதினாள்.
பத்தொன்பது கையெழுத்து, நாலு ரேகை.
அதில் ஒன்று என்னுடையது.
பதிலை டைப் செய்யச் சொல்லி
என்னிடமே வந்தது:

‘பார்வையில் காணும் மனு தொடர்பாக,
ஒப்பந்தத்தின் இணைப்பு ஏழு,
வரிசை எண் எண்பத்தொன்பதின்படி
தங்கள் தெருவில் ஏற்கெனவே
குடிநீர்க் குழாய் உள்ளபடியால்
மனு முடித்துவைக்கப்படுகிறது.’

பட்டியலின் தலைப்பு
அதற்கு முந்தின பக்கத்தின் அடியில் இருந்திருக்கிறது.
‘குழாய் பதிக்கப்பட்ட தெருக்கள்.’
அப்போதுதான் படித்தேன்.

திம்மராயன் சிரிக்கவில்லை.
“வால்வு எங்க இருக்குன்னு சொல்லும்மா,
இப்பவே திறந்துடறேன்.”

நீக்க வேண்டுமானால் திருத்தம்.
திருத்தத்துக்கு மன்றத் தீர்மானம்,
அப்புறம் சென்னை, அப்புறம் முதல் தரப்பு.
படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
‘பிழைக்கான காரணம்’ என்ற கட்டத்தில்
கர்சர்.

பதிலை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.
சாயங்காலம் பர்வீனின் மொபெட்டைப்
பின்னாலிருந்து தள்ளினேன்.
தளும்பிய தண்ணீர் என் கைமேல் விழுந்தது.
ஏற்றத்தில், மூச்சு வாங்க, திரும்பாமல் கேட்டாள்
மனு என்னாச்சு என்று.
ஆபீஸ்ல இருக்கு என்றேன்.
அது பொய்யில்லை.